பதினான்காம் வாரத்துக்குப் பிறகு

மேபல் பிறந்து முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாலைவரை அவள் அம்மா லீயான் தன் விடுப்பு முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. அதற்குப் பிறகு முடியாது.

அந்தக் கெடுவை வீட்டில் யாரும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. மாற்றிக்கொள்ள ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. செப்டம்பரிலேயே, வயிறு மேசையில் இடிக்க உட்கார்ந்து, லீயான் எல்லாவற்றையும் யோசித்து முடித்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். தன் பிரசவ விடுப்பு பதினான்காம் வாரத்தோடு முடியட்டும். அதோடு பிரசவ விடுப்புச் சம்பளமும் நிற்கும். மிச்ச விடுப்பு கணவன் ப்ராட்லிக்குப் போகட்டும். அவன் குழந்தையோடு வீட்டில் இருப்பான், அரசாங்கம் வகுத்த தொகை அவனுக்கு வரும். அவள் வேலைக்குத் திரும்பி முழுச் சம்பளம் வாங்குவாள்.

அவள் வேலை பார்த்தது தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில். அங்கே பிரசவ விடுப்பில் இருப்பவர்களுக்கு இருபத்தாறாம் வாரம்வரை பாதிச் சம்பளம் உண்டு. விடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டால் அது கிடையாது. தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தாள். தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களைக் கண்டுபிடிக்கும் புது இயந்திரம் ஒன்று ஜனவரியில் வருவதாக இருந்தது. அது இறங்கும்போது யார் அங்கே நிற்கிறார்களோ அவர்களிடம்தான் அந்தப் பிரிவு போகும். ஏழு வருடமாக அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நின்றது. ப்ராட்லி கர்ப்பத்தின் ஒரு குறிப்பிட்ட வாரம்வரை ஆறு மாதமாவது ஒரே முதலாளியிடம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். ப்ராட்லி ஒன்பது வருடமாக ஒரே தொழிற்சாலையில், சக்கரம் வைத்த வீடுகளான கேரவன்களைச் செய்துகொண்டிருந்தான். லீயான் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ப்ராட்லி ஒரு கேரவனுக்குள் மண்டியிட்டு சமையலறை அலமாரியைப் பொருத்திக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் டெஸ் தலையை உள்ளே நீட்டி, சம்பளப் பிரிவில் கூப்பிடுகிறார்கள் என்றார். பக்கத்து வண்டியிலிருந்து ஒருவன், "போடா, தாய்ப்பால் குடுக்க ட்ரெயினிங் குடுக்கப் போறாங்க" என்றான். இரண்டு வாரமாக இதுதான். ஒரு நாள் அவன் கோட்டு மாட்டும் ஆணியில் பூப்போட்ட ஏப்ரன் தொங்கியது. ப்ராட்லி அதைக் கட்டிக்கொண்டே அன்று முழுக்க வேலை செய்தான். அவனுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

சம்பளப் பிரிவில் இருந்த பெண்மணி அவனை உட்காரச் சொன்னார். அவனுக்குப் பகிர்வு விடுப்பு கிடைக்காது என்றார். அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"பாரு ப்ராட், உன் வேலை பிப்ரவரி கடைசி வாரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருந்தது முடிஞ்சுபோச்சு. ஆறு மாசத்துக்கு ஏழு வாரம் கொறையுது."

அதே ஆணி, அதே லாக்கர், அதே டெஸ் என்று அவன் சொன்னான். பதினொரு வேலை நாள்தானே என்றான்.

"நீ போன, திரும்பி வந்த. நடுவுல நீ இங்க ஆளா இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

ஹல் நகரத்தில் கேரவன் செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதை வேறு மாதிரி சொல்வார்கள். ப்ராட்லியின் தொழிற்சாலை இருந்த சாலையில் எதிரெதிராக நான்கு தொழிற்சாலைகள். ஒரு இடத்தில் மனம் கசந்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சாலையைக் கடப்பார்கள். திங்கட்கிழமை எதிர்ப்பக்கம் வேலை. அங்கே ஆர்டர் குறைந்தால் மறுபடி இந்தப் பக்கம். ஃபோர்மேன் ஒரு வார்த்தை திட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வார். யாரும் அதை வேலையை விட்டதாக நினைப்பதில்லை. ஐந்து தடவை போய் வந்தவன்கூட, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் முதல் நாளிலிருந்துதான் சொல்வான். ப்ராட்லியும் அப்படித்தான் சொல்லிவந்தான். அவன் ஒரு தடவைதான் போனான்.

எல்லோருக்கும் தெரிந்த காரணம் டெஸ்ஸோடு தகராறு. அதற்கு முன்பெல்லாம் அன்றைய வண்டிகளை முடித்துவிட்டால் மணி எதுவானாலும் வீட்டுக்குப் போகலாம். பிப்ரவரியில் நிர்வாகம் அதை நிறுத்தியது; அதை வந்து சொன்னவர் டெஸ். ப்ராட்லி கோபித்துக்கொண்டு போனான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ப்ராட்லியும் அதை மறுக்கவில்லை. எதிர்ப்பக்கம் எட்டு நாள் வேலை பார்த்தான், ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள், திரும்பி வந்தான்.

லீயானிடம் அவன் சொல்லவில்லை. அப்போது அவள் காலையில் எழுந்தால் வாந்தி எடுத்துக்கொண்டு குளியலறையிலேயே இருந்தாள். அவன் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினான், வழக்கமான நேரத்துக்கு வந்தான். சொல்ல அவசியம் வரவில்லை. மேபல் பிறந்தபோது அப்பாக்களுக்கான விடுப்பைக் கேட்காமல் இரண்டு வாரம் சொந்த விடுமுறையில் இருந்தான். அதில் முழுச் சம்பளம் வரும் என்று டெஸ் சொன்னதால் அது புத்திசாலித்தனமாகவும் தெரிந்தது. அப்போது யாரும் எதையும் சரிபார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. அவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. காரை எடுத்து ஹம்பர் பாலம்வரை போய், பாலத்தில் ஏறாமல் திரும்பி வந்தான்.

வீட்டில் லீயானின் அம்மா மோரின் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை முடித்துவிட்டு, வரும் வழியில் சிப்ஸ் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். மிளகாய்த் தூள் தூவி மூவரும் மேசையிலேயே சாப்பிட்டார்கள். மேபல் லீயானின் தோளில் தூங்கினாள்.

மோரினுக்கு இடுப்பு மோசம். குழந்தையை ஒரு மணி நேரம் தூக்கிவைத்திருக்கவே அவளால் முடியாது. ப்ராட்லி வீட்டில் இருக்கப்போகிறான் என்பதில் அவளுக்குத்தான் எல்லோரையும்விட நிம்மதி. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். யாரும் நம்பவில்லையாம்.

"ஒரு ஆம்பள, அஞ்சு மாசம், கைக்கொழந்தையோட. நான் சொன்னேன், எங்க ப்ராட் அப்படித்தான்னு. ஒன்பது வருஷம் ஒரே எடம். எங்க வீட்டுக்காரரு ஒரே நாற்காலில ஒன்பது நிமிஷம் ஒக்காந்ததில்ல."

லீயான் சிரித்தாள். அவள் அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள். அவர் மீன் துறைமுகத்தில் இருந்தார், பிறகு கேரவன், பிறகு ரொட்டி ஆலை, பிறகு மறுபடி கேரவன். லீயானுக்கு ஆறு வயதானபோது வீட்டையும் விட்டார். முதலில் வேலையை விட்டான், அப்புறம் எங்களை விட்டான், நடுவில் ரொம்ப நாள் ஆகவில்லை என்று மோரின் சொல்வாள். காதலித்த காலத்தில் ப்ராட்லியைப் பற்றி லீயான் முதலில் அம்மாவிடம் சொன்னது அவன் முகத்தைப் பற்றியோ பேச்சைப் பற்றியோ இல்லை. நாலு வருடமாக ஒரே வேலையில் இருக்கிறான் என்றுதான் சொன்னாள்.

ப்ராட்லி எழுந்து தட்டுகளைக் கழுவினான். கழுவிய தட்டை மறுபடி கழுவினான். பிறகு மேபலைத் தள்ளுவண்டியில் போட்டு வெளியே கிளம்பினான். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தூறல் வேறு. லீயான் ஜன்னலிலிருந்து எங்கே என்று கையால் கேட்டாள். அவனும் கையாலேயே சும்மா என்றான்.

வால்டன் தெருவில் திருவிழாத் திடல் காலியாகக் கிடந்தது. அக்டோபரில் இங்கே ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்த வாரத்தில்தான் மேபல் பிறந்தாள். இப்போது கார் நிறுத்துகிற வெறும் தார்த்தரை. அவன் அதை மூன்று சுற்று சுற்றினான். வண்டி நின்றால் மேபல் சிணுங்கினாள். நடந்தால் தூங்கினாள். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

அவன் சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தான். வெள்ளி கழியும். பதினான்காம் வாரம் முடியும். லீயானின் பாதிச் சம்பளம் நிற்கும். அவள் வேலைக்குப் போவாள். அவனுக்கு விடுப்பு இல்லை, பணம் இல்லை, மேபலோடு யாரும் இல்லை. அவன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். வீட்டுக் கடனை ஒரு சம்பளம் தாங்காது. சொன்னால், லீயான் வெள்ளிக்கு முன்னால் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவாள். சம்பளம் தப்பும். அவள் வீட்டில் இருப்பாள். இயந்திரம் வேறு யாரிடமோ போகும். எப்படிப் பார்த்தாலும் அவளிடமிருந்துதான் ஏதோ போனது. சொல்லாமல் இருந்தால் கூடுதலாகப் போனது.

அவன் யோசித்தது இவ்வளவுதான் என்றால் அன்றே சொல்லியிருப்பான்.

புதன்கிழமை காலை தேநீர் இடைவேளையில் டெஸ்ஸைத் தேடிப் போனான். டெஸ் ஒட்டுப்பலகை அடுக்குக்குப் பின்னால் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு நாளையும் சம்பளமில்லாத லீவு என்று போட்டுவிட முடியுமா என்று ப்ராட்லி கேட்டான்.

"நான் என்ன மந்திரவாதியாடா? அதுல எட்டு நாள் எதிர்க் கம்பெனிக்காரன் உனக்கு சம்பளம் குடுத்து வரி புடிச்சு கட்டியிருக்கான். ஒரே ஆளு ரெண்டு கேட்டுக்குள்ளயும் இருந்தான்னு எழுத முடியுமா?"

ப்ராட்லி போகவில்லை. பலகையின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டு நின்றான். டெஸ் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

ப்ராட்லி பலகையிலிருந்து ஒரு சிராயைப் பிய்த்தெடுத்தான்.

"நெனச்சேன். சரி, எம்மேல கோவிச்சுக்கிட்டு போனேன்னு சொல்லு. நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன், எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு குரலைக் குறைத்துக்கொண்டார். "ஆனா நமக்குள்ள, அன்னிக்கு நான் உன்ன ஒரு வார்த்த சொல்லலியே. எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன். இருவது பேரு நின்னு என்னைக் கிழிச்சாங்க. நீ வாயே தொறக்கல. டூல்ஸ வச்ச, போயிட்ட. என்ன ஆச்சு உனக்குன்னு நானே யோசிச்சேன்."

மணி அடித்தது. ப்ராட்லி வண்டிக்குள் போய் அலமாரிக் கதவைத் தலைகீழாக மாட்டினான். கழற்றி மறுபடி மாட்டினான்.

அன்று மாலை வீட்டில் அவன் ஒரு இடத்தில் இருக்கவில்லை. மாடிப்படிக் கைப்பிடியை இறுக்கினான். குளியலறைக் குழாயைக் கழற்றினான். லீயான் பால் கொடுத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன ஆச்சு? ஒக்கார்றதுக்குள்ள எந்திரிக்கிற."

ஒன்றும் இல்லை என்றான்.

"உங்க ஆஃபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் கையில் குழாயின் ரப்பர் வளையம் இருந்தது. அதைச் சுருட்டி விரலில் மாட்டினான், கழற்றினான். இதுவரை அவன் சொல்லாமல்தான் இருந்தான். பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. லீயான் தலையாட்டிவிட்டு, நாளைக்கு ஆய்வகத்தில் மேபலைக் காட்டப் போகிறோம், நல்ல சட்டை போட்டுக்கொள் என்றாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போனார்கள். ஆய்வகம் ஊர் எல்லையில், ஒரு டயர் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. மேபலைப் பார்க்க நாலைந்து பேர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார்கள். யார் மூக்கு, யார் கன்னம் என்று பேச்சு நடந்தது. ஒருவர் ப்ராட்லியிடம், அஞ்சு மாதத்தில் உங்களுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் என்றார். ப்ராட்லி சிரித்தான். மேபலை யார் கேட்டும் கொடுக்கவில்லை.

லீயானின் மேலாளர் ஃபிலிப்பா அவர்கள் இருவரையும் மட்டும் உள்ளறைக்கு அழைத்துப்போனார். அங்கே பழைய மேசைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். இயந்திரம் வைக்கப்போகும் இடத்தைத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிக் குறித்திருந்தார்கள். லீயான் அந்தச் சதுரத்துக்குள் போய் நின்றாள். இந்தப் பக்கம் காற்றுக் குழாய், இந்தப் பக்கம் கணினி என்று கையை நீட்டிக் காட்டினாள். ஆறு வாரமாக அவள் முகத்தில் தூக்கமின்மைதான் இருந்தது. இப்போது அது தெரியவில்லை.

பொருத்த வருபவர்களிடம் அவள் பெயரைக் கொடுத்துவிட்டதாக ஃபிலிப்பா சொன்னார். பிறகு, சொல்ல வேண்டியது தன் கடமை என்று சங்கடத்தோடு சொன்னார். நாளை மாலைவரை லீயான் மனம் மாறலாம். மாறினால் பாதிச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தொடரும். நாளை தாண்டினால் அந்தச் சம்பளம் திரும்ப வராது.

"எதுக்கு மாறணும்? இவன் ஒன்பது வருஷமா ஒரே எடத்துல இருக்கான். இவனவிடத் தகுதியான ஆள் இந்த ஊர்லயே கெடையாது" என்றாள் லீயான்.

ஃபிலிப்பா ப்ராட்லியைப் பார்த்து, "உங்க பக்கம் எல்லாம் சரியாயிடுச்சில்ல?" என்றார்.

கேள்வி மரியாதைக்குக் கேட்டதுதான். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ப்ராட்லி மேபலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"இல்ல" என்றான்.

ஃபிலிப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

லீயான் மஞ்சள் சதுரத்துக்குள்ளேயே நின்றாள். ப்ராட்லி சொன்னான். எல்லாவற்றையும் டெஸ் கற்றுக்கொடுத்த மாதிரியே சொன்னான். வண்டி முடிந்தால் வீட்டுக்குப் போகிற வழக்கத்தை நிறுத்தினார்கள், கோபம் வந்தது, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனேன், எட்டு நாளில் அனுப்பிவிட்டார்கள், திரும்பி வந்தேன். ஏழு வாரம் குறைகிறது. செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டார்கள்.

அவன் அவளை அறிவான். அவள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் ஒரு அளவு தவறாக வந்தால் அவள் கத்தமாட்டாள். எங்கே தவறியது என்று பின்னோக்கிப் போவாள்.

"சரி. நாளைக்குத் திரும்ப எழுதிக் குடுத்துடறேன். சம்பளம் தப்பிச்சுது. மெஷின் போச்சு." காலடியில் இருந்த நாடாவைப் பார்த்தாள். "நேத்து பதில் வரலன்னு ஏன் சொன்ன?"

பயம் என்றான்.

"எனக்கு அதுதான் புரியல. கேரவன்காரங்க மாறிப் போறது இந்த ஊருக்கே தெரியும். நான் திட்டியிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதான? அதுக்கா ஒன்பது மாசம் மறைச்ச?"

மேபல் நெளிந்தாள். அவன் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலடி நடந்தான், திரும்பி நாலடி நடந்தான்.

"நில்லு ப்ராட். எந்த நாள் போன?"

"பிப்ரவரில."

"நாளக் கேட்டேன்."

"ஒரு புதன்கெழம" என்றான்.

"எந்தப் புதன்கெழம?"

அவன் மேபலின் போர்வையை இழுத்துவிட்டான். அவள் கணக்கு அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அவள் சதுரத்தைத் தாண்டி வெளியே வந்தாள்.

"செவ்வாக்கெழம ராத்திரிதான் நான் உங்கிட்ட சொன்னேன். கொழந்த வரப்போவுதுன்னு. நீ என்னத் தூக்கிச் சுத்தின."

"ஆமா."

"மறுநாள் காலைல அந்த டெஸ் என்னதான் சொன்னாரு?"

கதவுக்கு அப்பால் கோப்பைகள் தட்டில் மோதும் சத்தம் நெருங்கி வந்தது, நின்றது. ஃபிலிப்பா உள்ளே வரவில்லை. ப்ராட்லி நடப்பதை நிறுத்தினான். மேபல் சிணுங்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவளை ஆட்டாமல் அப்படியே நின்றான்.

"டெஸ் ஒண்ணும் சொல்லல. சண்டையே நடக்கல, லீயான். விதர்ன்சீ பீச் வரைக்கும் போயி மொத மூணு நாளும் கடலப் பாத்துக்கிட்டு கார்லயே ஒக்காந்திருந்தேன், சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்தேன். அந்தப் புதன்கெழம காலைல நான் வேலைய விடப் போகல. உன்ன விட்டுட்டுப் போயிடலாம்னுதான் கெளம்பினேன்."